ஓடும் வீட்டுக்கு ஒரு கண்ணாடி

1969ஆம் ஆண்டு யூலை மாதம் 24ஆம் திகதி, பசிபிக் சமுத்திரத்தில் 'ஹோர்னெற்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் மீது விந்தையானதொரு சந்திப்பு நிகழ்ந்தது. சந்திரனிலிருந்து மீண்ட வீரர் மூவரும் ஓர் அலுமினியக் கூண்டினுள் அடைபட்டிருந்தனர். அமெரிக்க சனாதிபதி நிக்சன் வெளியே நின்று, சிறியதொரு யன்னற் கண்ணாடியினூடாக அவர்களை நோக்கி அளவளாவினார். சந்திரனிலிருந்து நுண்ணுயிர் ஏதும் தொற்றி வந்திருக்குமோ என்னும் அச்சமே இதற்குக் காரணம். அக்கூண்டு வேறொன்றன்று, உல்லாசப் பயணத்துக்கென 'எயர்ஸ்ட்ரீம்' கம்பனி செய்து விற்ற டிரெயிலர் வண்டியின் மறு உருவமே.

டிரெயிலர் என்பது மோட்டார் காரின் பின்னே கொளுவி இழுத்துச் செல்லும் சிறு வீடு. பிரித்தானியர் அதனைக் கரவன் என்பர். கட்டில், அடுப்பு, அலுமாரி யாவும் அதனுள்ளே அடங்கும். உவோலி பையம் என்பவர் 1936இல் வெளியிட்ட 'கிளிப்பர்' என்னும் அலுமினிய வண்டி இவ்வகையில் பெயர்பெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இவ்வண்டிகள் அமெரிக்க வீதிகளில் மலிந்தன. 1950களிலும் 1960களிலும் செய்யப்பட்டவற்றுட் பல இன்றும் மரநிழலிலும் கொட்டில்களிலும் கிடக்கின்றன. புது வண்டி வாங்க வசதியற்ற குடும்பத்தினர் அவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கித் தம் கையாலேயே செப்பனிடுகின்றனர்.

அவ்வாறு வாங்கிய வண்டியில் யன்னற் கண்ணாடி ஒன்றேனும் கீறி வெடித்திருத்தல் வழமை. சில்லு தெறித்த கல் பட்டிருக்கலாம், மரக்கிளை மோதியிருக்கலாம், பள்ளத்தில் இறங்கிய வண்டி முறுகியிருக்கலாம். செய்த கம்பனியோ பல வேளைகளில் மூடப்பட்டிருக்கும். சட்டத்தோடு கூடிய முழு யன்னலைத் தேடிப் பிடித்தாலும் அதன் விலை நெஞ்சைத் துணுக்குறச் செய்யும். ஆனால் கெட்டது கண்ணாடி, சட்டமன்று. சட்டத்தைப் பேணிக் கண்ணாடியை மட்டும் மாற்றுவதே சிக்கனத்தின் முதற்படி. அக்காலத்து வண்டிகள் பலவற்றில், நம் நாட்டு வீடுகளிற் காண்பது போன்ற லூவர் யன்னல்களே இருந்தன. அவற்றிலே உடைந்த ஒரு தகட்டை உருவிவிட்டு வேறொன்றைச் செருகினால் வேலை முடிந்தது.

ஏனைய யன்னல்களுக்கு எந்தக் கண்ணாடியை இடுவது? இங்கேதான் சிந்திக்க வேண்டும். சாதாரண கண்ணாடி மிக மலிவு. ஆனால் உடையும்போது கத்தி போன்ற கூரிய துண்டுகளாகச் சிதறும். வீதியிலே குலுங்கி ஓடும் வண்டியில், அதுவும் பிள்ளைகளின் படுக்கையருகே, அதனை இடுதல் தகாது என்பதே நம் துணிபு. பதமூட்டிய கண்ணாடி வேறு வகையானது. நன்கு சூடாக்கிய கண்ணாடியின் மேற்பரப்பைக் காற்றினால் விரைந்து குளிரச் செய்வர். மேற்பரப்பு நெருக்குண்டு நிற்க, உட்பகுதி இழுபட்டு நிற்கும். உடைந்தால் முழுவதும் ஒரே கணத்திற் சிறு மணிகளாகிவிடும். ஆகவே, நீண்ட கீறலோடு ஒரு கண்ணாடி இன்னும் சட்டத்தில் நிற்குமாயின், அது பதமூட்டியதன்று என்று பார்த்தவுடனேயே சொல்லிவிடலாம். பதமூட்டியபின் அதனை வெட்டவும் இயலாது, துளைக்கவும் இயலாது. அளவிலே சற்றுப் பிழைத்தாலும் கொடுத்த காசு முழுவதும் நட்டமே.

இரு தகடுகளுக்கிடையே மெல்லிய பிளாஸ்ரிக் படலத்தை வைத்து ஒட்டிய கண்ணாடி மூன்றாம் வகை. 1903இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் எடுவார் பெனடிக்ரஸ் கைதவறி வீழ்த்திய குடுவை வெடித்தும் சிதறாமல் நின்றதாம். உள்ளே உலர்ந்து படிந்திருந்த செலுலோசு நைத்திரேற்றுப் படலமே துண்டுகளைப் பற்றிப் பிடித்திருந்ததைக் கண்டு அவர் இதனை இயற்றினார் என்பர். 1909இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இவ்வகைக் கண்ணாடியை எவ்வூர்க் கண்ணாடிக் கடைக்காரரும் கேட்ட அளவுக்கு வெட்டித் தருவார். தட்டையான யன்னலுக்கு மலிவும் காப்பும் ஒருங்கே வாய்ந்தது இதுவே.

வளைந்த யன்னலுக்கு இது உதவாது. 1960களின் பிற்பகுதியிற் செய்த எயர்ஸ்ட்ரீம் வண்டிகள் சிலவற்றில், கோர்னிங் கம்பனியின் வளைந்த கண்ணாடிகள் இருந்தன. உருகிய பொற்றாசிய உப்பில் அமிழ்த்தி, கண்ணாடியிலுள்ள சிறிய சோடிய அயன்களை அகற்றிப் பெரிய பொற்றாசிய அயன்களைப் புகுத்தி, மேற்பரப்பை நெருக்குறச் செய்த கண்ணாடி அது. இன்று நம் மாணவரின் கைத்தொலைபேசி முகப்பிலுள்ள கண்ணாடியும் இம்முறையாற் பலம் பெற்றதே! அத்தகைய பழைய கண்ணாடிக்கு ஈடு கிடைத்தல் அரிது. ஆதலால் பலரும் அக்கிரிலிக் தகட்டையோ பொலிகாபனேற்றுத் தகட்டையோ வளைத்துப் பொருத்துகின்றனர்.

அக்கிரிலிக் 1930களில் பிளெக்சிகிளாஸ், பேர்ஸ்பெக்ஸ் என்னும் பெயர்களால் விற்பனைக்கு வந்தது. போர் விமானங்களின் மூடிகளாகவும் பயன்பட்டது. கண்ணாடியின் பாதி நிறையே உடையது. வீட்டிலேயே நுண்பல் வாளால் அறுக்கலாம். பொலிகாபனேற்று அதனிலும் உரமானது. சுத்தியலால் அடித்தாலும் எளிதில் உடையாது. ஆயினும் விரைவிற் கீறல் விழும். வெயிலைத் தாங்கும் மேற்பூச்சில்லாதது நாளடைவில் மஞ்சளாகும்.

பௌதிகம் பயிலும் மாணவர் இங்கே ஒரு கணக்குச் செய்து பார்க்கலாம். ஒரு மீற்றர் நீளமான அக்கிரிலிக் தகடு 40 பாகை வெப்பம் ஏறும்போது ஏறத்தாழ 2.8 மில்லிமீற்றர் நீளும். அதே நீளக் கண்ணாடி 0.4 மில்லிமீற்றர் கூட நீளாது; அலுமினியச் சட்டமோ ஒரு மில்லிமீற்றர் அளவே நீளும். குளிர்காலத்தில் சட்டத்துக்கு இறுக்கமாக வெட்டிய தகடு கோடை வெயிலில் எங்கே போகும்? புடைத்து வளையும்; திருகாணித் துளைகளில் வெடிக்கும். ஆகவே சுற்றிலும் இடைவெளி விடவேண்டும். துளைகளையும் ஆணியினும் பெரிதாக இடவேண்டும்.

வேலை கடினமானதன்று. தடித்த கையுறை அணிந்து, கீறிய கண்ணாடியின் இருபுறமும் பசைநாடா ஒட்டியபின் சட்டத்தைக் கழற்றுக. பழைய மக்கினைச் சுரண்டி நீக்குக. கடதாசி மட்டையில் அளவுருவம் வெட்டிச் சட்டத்தில் வைத்துப் பார்த்து, அதையே கடைக்குக் கொண்டு செல்க. அங்குலக்கோலைவிட மட்டையே நம்பத் தக்கது, ஏனெனிற் பழைய வண்டியின் மூலைகள் செங்கோணமாக இருப்பது அபூர்வம்.

காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்றுண்டு: சட்டமும் வண்டியின் தோலும் சந்திக்கும் விளிம்பு. பழைய டிரெயிலர்கள் பெரும்பாலும் நீரினாலேயே அழிகின்றன. அலுமினியத் தகட்டின் பின்னே மரச்சட்டமுண்டு. அல்லது அடியிலே ஒட்டுப்பலகைத் தளமுண்டு. யன்னலோரம் கசியும் நீர் ஆண்டுக்கணக்கில் கண்ணிற்படாமல் அவற்றை உக்கச் செய்யும். சிலிக்கன் பசையைப் பிதுக்கிப் பூசி விடுவோர் பலர். பின்னர் அதனை முற்றாக நீக்குவது பெரும்பாடு, அதன்மீது வேறு பசையும் பிடியாது. நெடுங்காலம் இளகிய நிலையிலேயே இருக்கும் பியூட்டைல் இறப்பர் நாடாவை விளிம்பெங்கும் ஒட்டி, திருகாணிகளை ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாக மாறிமாறி இறுக்குவதே முறை. பிதுங்கியதை மறுநாள் வெட்டி விடலாம். ஆபத்திலே தப்பி வெளியேறுவதற்கென அமைந்த யன்னலாயின், அது தடையின்றித் திறக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அக்கிரிலிக்கையும் பொலிகாபனேற்றையும் பெற்றோல், அமோனியா கலந்த திரவங்களாற் துடைத்தல் ஆகாது. நுண்ணிய வெடிப்புகள் ஓடும். சவர்க்கார நீரும் மெல்லிய துணியும் போதும். இறுதியாக ஒருவர் வெளியே நின்று கீழிருந்து மேலாக மெதுவாக நீர் பாய்ச்ச, மற்றொருவர் உள்ளே கைவிளக்குடன் விளிம்பைத் தடவிப் பார்த்திருக்க வேண்டும். கால் மணி நேரம் பாய்ச்சியும் விரலிலே ஈரம் படவில்லையெனின் உட்பலகையை ஆணியடித்து மூடலாம்.