அம்பாசடருக்கு வேறு இன்ஜின் போடுமுன்

பெங்களூரில் காக்ஸ் டவுன், ஜீவனஹள்ளி, ஃப்ரேசர் டவுன் பக்கத்துப் பழைய காம்பவுண்டுகளில் தார்ப்பாய் போர்த்திய அம்பாசடரும் பத்மினியும் இன்னும் கண்ணில் படுகின்றன. அப்பா ஓட்டிய வண்டி என்பதால் விற்க மனம் வராது. இன்ஜினோ புகை கக்குகிறது. “மாருதி இன்ஜின் போட்டுடலாம் சார், மைலேஜும் வரும், ஏசியும் இழுக்கும்” என்று ஒருவர் சொல்ல, வேலை தொடங்கிவிடும். இன்ஜின் விலை, கியர்பாக்ஸ், மவுன்டிங் எல்லாம் பேசி முடித்த பிறகு, போகிற போக்கில் பெட்ரோல் பம்ப் பேச்சு வரும். உண்மையில் அதைத்தான் முதலில் பேசவேண்டும்.

அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினிலும் பத்மினியின் 1089 சிசி இன்ஜினிலும் இருப்பது மெக்கானிக்கல் பம்ப். பழைய கைகள் ஏ.சி. பம்ப் என்பார்கள். கேம்ஷாஃப்ட் தள்ளத் தள்ள உள்ளே இருக்கும் டயஃப்ரம் பெட்ரோலை இழுத்துக் கார்புரேட்டருக்கு அனுப்பும். அழுத்தம் சுமார் 3 பி.எஸ்.ஐ.தான். இன்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும். விபத்து நேரத்தில் இதைவிட எளிய பாதுகாப்பு வேறு கிடையாது.

மாற்றிப் போடும் எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன்) இன்ஜின் அப்படியல்ல. அதற்குச் சுமார் 40 பி.எஸ்.ஐ. வேண்டும், சிலவற்றுக்கு அதற்கு மேலும். மெக்கானிக்கல் பம்பால் அது முடியாது. எதிர்ப்பக்கத் தவறு இன்னும் மோசமானது: ‘ஹெவியா இருக்கட்டும்’ என்று இன்ஜெக்‌ஷன் பம்பைக் கார்புரேட்டருக்குக் கொடுத்தால், மிதவையின் ஊசி வால்வு அந்த அழுத்தத்தைத் தாங்காது. பெட்ரோல் பொங்கி, கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேல் வழியும். கார்புரேட்டருக்கு எலக்ட்ரிக் பம்ப்தான் வேண்டுமென்றால் குறைந்த அழுத்தப் பம்பும், அதோடு ரெகுலேட்டரும் கேளுங்கள்.

எலக்ட்ரிக் பம்ப் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் சோம்பேறி. அதனால் டேங்குக்குப் பக்கத்தில், டேங்கின் மட்டத்துக்குக் கீழே, எக்ஸாஸ்ட் பைப்பிலிருந்து விலகி இருக்கவேண்டும். இடம் இருக்கிறதே என்று இன்ஜின் பக்கம் மாட்டினால் கத்திக்கொண்டே சீக்கிரம் சாகும். பழைய டேங்கில் போதுமான தடுப்பு இல்லாவிட்டால், பெட்ரோல் குறைவாக இருக்கும்போது வளைவில் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்ப் காற்றை உறிஞ்சும். பெட்ரோலே பம்பைக் குளிர்விக்கிறது என்பதால் வறண்டால் சூடேறிக் கருகும். பம்பை டேங்குக்குள்ளேயே இறக்குவது நல்லது. இல்லையேல் இடையில் ஒரு சின்ன சேமிப்புக் குடுவை. பல எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின்களுக்கு ரிட்டர்ன் லைனும் தேவை. டேங்கின் துருவைச் சுத்தம் செய்யாமல் புது பம்ப் மாட்டுவது வீண் செலவு.

வயரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். தனி ஃப்யூஸ், ரிலே, மோதினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச். சாவி ஆனில் இருந்தாலும், இன்ஜின் நின்றால் பம்ப் நிற்கவேண்டும். வேலை முடிந்த அன்று மெக்கானிக் முன்னாலேயே இதைச் சோதித்துப் பாருங்கள்.

ஓஸ் விஷயத்தில் இன்னொரு சங்கதி. இன்று பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்றவேண்டி வரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025இல் சொன்னது. ஆகவே இன்ஜெக்‌ஷன் அழுத்தத்தையும் எத்தனாலையும் தாங்கும் ஓஸ், அதற்குரிய கிளிப். சாதாரண ஓஸை முறுக்கிக் கட்டினால் ஓட்டும்போது விட்டுவிடும்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ளதற்கும் முரண் வரும்படி வண்டியை மாற்றக்கூடாது. கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. இன்ஜின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும், அதே தயாரிப்பு, அதே வகை என்றால் வழி இருக்கிறது, மாருதி இன்ஜினை அம்பாசடரில் போட்டுவிட்டு அனுமதி எதிர்பார்ப்பது கடினம். மீறினால் பிரிவு 182ஏ-யின் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவும் கை நழுவும். சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது என்பது அதன் நிபந்தனை. இன்ஜின் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாத வண்டி எரிந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கிளெய்மை மறுக்கக் காரணம் தேடவேண்டியதே இல்லை.

என்னைக் கேட்டால், அதே வகை இன்ஜினை ரீபில்ட் செய்து ஏ.சி. பம்பையே வைத்துக்கொள்வேன். எத்தனாலைத் தாங்கும் டயஃப்ரம் மட்டும் தேடிப் போடவேண்டும். சட்டமும் பாதுகாப்பும் ஒரே பக்கம் நிற்பது அபூர்வம், இங்கே நிற்கின்றன.

குஜிரியில் (பழைய சாமான் சந்தையில்) இன்ஜின் வாங்கினால் எண் போட்ட பில்லும், அது வந்த வண்டியின் ஆர்.சி. நகலும் கேளுங்கள். திருட்டுப் பொருளென்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் குற்றம். ஒர்க்‌ஷாப் பில்லில் பம்பின் மேக், அழுத்தம், ஓஸ் வகை, உத்தரவாதக் காலம் எழுதப்படட்டும். வேலையில் குறை என்றால் முதலில் எழுத்தில் புகார், பிறகு 1915 நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: வழக்குக்கான காரணம் எழுந்து இரண்டு வருடத்துக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. இன்ஷூரன்ஸ் தகராறு என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், செலவில்லை.

பழுதான பம்பையும் வெடித்த ஓஸையும் ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னால் கொடுப்பதற்கு உங்களிடம் இருக்கும் சாட்சி அதுதான்.