புற்றுநோயாளரின் உணவும் உள்ளமும்: வீட்டாரின் பணி

புற்றுநோய் என்று வைத்தியர் கூறியதும் எமது கிராமங்களில் முதலில் மாறுவது நோயாளியின் உணவுத் தட்டு. மீனும் முட்டையும் ‘சூடு’ என விலக்கப்பட்டுப் பத்தியம் தொடங்குகிறது. பட்டினி கிடந்தால் கட்டி சுருங்கும் என்று சொல்வோரும் உளர். உண்மையில் பட்டினியால் மெலிவது கட்டியல்ல, நோயாளியே. உடல் மெலிந்தால் மருந்தையும் கதிர்ச்சிகிச்சையையும் தாங்கும் பலம் குறைந்து, சிகிச்சையையே இடைநிறுத்த நேரிடலாம்.

பொதுவாக, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும் 1 முதல் 1.5 கிராம் புரதமும் தேவை. 50 கிலோ நிறையுடைய ஒருவருக்கு 50 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமும், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராமும் உண்டு. பயறு, கடலை, பருப்பு என்பனவும் உதவும். விலையுயர்ந்த சத்துமா எல்லாருக்கும் அவசியமன்று. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் புரத அளவை வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும். வாரம் ஒருமுறை நிறை பார்ப்பது நன்று. 60 கிலோ இருந்தவர் ஆறு மாதத்துக்குள் 3 கிலோவுக்கு மேல் குறைந்தால் வைத்தியரிடம் கூறுங்கள்.

வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கத்தால் வாய்ப் புற்றுநோய் எமது நாட்டு ஆண்களிடையே மிகுந்து காணப்படுகிறது. கதிர்ச்சிகிச்சையால் வாய் புண்ணாகும்போது புளியும் மிளகாயும் நீக்கி, ஆறிய கஞ்சி, மசித்த பயறு, நன்கு அவித்து மசித்த முட்டை ஆகியவற்றைக் கொடுக்கலாம். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் உப்பும் அப்பச்சோடாவும் ஒவ்வொரு தேக்கரண்டி கலந்து அடிக்கடி கொப்பளிக்கலாம். குமட்டல் உள்ளவருக்கு மூன்று வேளை உணவை ஆறாகப் பிரித்துக் கொடுங்கள். மருந்தேற்றும் காலத்தில் காய்ச்சல் 38 பாகை செல்சியசை எட்டினால் விடியும்வரை காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

“இன்னும் ஒரு வாய்” என்ற வற்புறுத்தலினால் பல வீடுகளில் சாப்பாட்டு நேரமே சண்டை நேரமாகிறது. பசியைப் பறிப்பது நோய், நோயாளியின் பிடிவாதமன்று. சமைத்தவர் தம் அன்பு மறுக்கப்பட்டதாக வருந்துகிறார். உண்ண முடியாதவரோ குற்றவுணர்வால் குமைகிறார். சிறிதளவு பரிமாறி, கூட இருந்து உண்போம். எது வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். நோயை அவரிடம் மறைத்துக் கிசுகிசுப்பதும் அவரைத் தனிமைப்படுத்தும். அவர் கேட்பவற்றுக்கு உண்மையும் கனிவுமாகப் பதில் கூறுவோம். இறுதி நாட்களில் உடல் உணவைக் கேட்பதில்லை. அப்போது உதடுகளை நனைத்துக் கையைப் பிடித்திருப்பதே போதுமான பணிவிடை.

பராமரிப்பவரையும் நாம் மறக்கலாகாது. பெரும்பாலும் அவர் மனைவி அல்லது மகள். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து சேர்த்த நிதியும் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழுவதற்குத் துணைபுரிந்தது. ஆயினும் மகரகமைக்கும் தெல்லிப்பழைக்கும் அலைந்து திரும்பும் அப்பெண்ணுக்கு ஒருவேளைச் சோறு சமைத்துக் கொடுக்க அயலவர்தாம் வேண்டும். அன்பியக் குழுக்கள் முறைவைத்து வாரத்தில் அரை நாள் நோயாளியுடன் இருந்தால் அவர் சற்று உறங்குவார்.

நோயிற்பூசுதல் சாகும் வேளைக்கு மட்டுமுரிய அருட்சாதனமன்று; கடும் நோயின் தொடக்கத்திலேயே அதனைப் பெறலாம். குருவை அழைக்க இறுதி மூச்சுவரை காத்திருக்க வேண்டாம். அயலவரும் அவ்வாறே முந்திச் செல்வார்களாக.