‘ஒண்ணும் பண்ணாதுங்க!’ - நாய் வளர்க்கிறவங்களும், பார்த்ததும் பதறுகிறவங்களும் தெரிஞ்சுக்க வேண்டியவை

லிஃப்ட் கதவு திறக்குது. உள்ளே இடுப்பு உயரத்துக்கு ஒரு நாய். நீங்க தானா ஒரு அடி பின்னால் போறீங்க. பெல்ட்டைப் பிடிச்சிருக்கிறவர் சிரிச்சுக்கிட்டே சொல்றார், “பயப்படாதீங்க... ஒண்ணும் பண்ணாது!”

அபார்ட்மென்ட்டில் குடியிருக்கிற யாரும் இந்த வசனத்தைத் தப்பிச்சிருக்க முடியாது. சொல்றவர் பொய் சொல்லலை. அவரை அது ஒண்ணும் பண்ணாதுதான். அவர் கையால் சாப்பிட்டு, அவர் சோபாவில் தூங்கி வளர்ந்த நாய் அது. ஆனா, உங்களை அதுக்குத் தெரியாதே! நகர இடமில்லாத லிஃப்டுக்குள் புது ஆள் ஒருத்தர் திடீர்னு நுழைஞ்சா அது என்ன செய்யும்னு, வளர்த்தவரால்கூட அடிச்சுச் சொல்ல முடியாது.

2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்கு பகுதியில் நடந்தது நினைவிருக்கா? மாநகராட்சிப் பூங்காவில் விளையாடிக்கிட்டிருந்த 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடிச்சுக் குதறின. தலையில் பலத்த காயம், அறுவை சிகிச்சை. நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அந்த நாய்களும் ஒரு வீட்டில் ‘செல்லம்’தான். பெல்ட் இல்லாமல் பொது இடத்துக்கு வந்தது நாய்களின் தப்பா என்ன?

அதே வருஷம் மார்ச்சில், ராட்வைலர், பிட்புல் உட்பட 23 வகை நாய்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ‘இந்த ப்ரீட் மோசம், அந்த ப்ரீட் சாது’ங்கிற சண்டை இன்னும் முடியலை. என்னைக் கேட்டா, எந்த நாயும் கடிக்கும். பொமரேனியன் கடிச்சா பிளாஸ்திரி, ராட்வைலர் கடிச்சா ஆபரேஷன் தியேட்டர். வித்தியாசம் பெரும்பாலும் அவ்வளவுதான். அதனால் பெரிய நாய் வளர்க்கிறவருக்குப் பொறுப்பும் பெரிசு.

வாலாட்டினா ஃப்ரெண்டா?

‘திடீர்னு பாய்ஞ்சு கடிச்சிருச்சு’ன்னு நாம சொல்ற பல சம்பவங்களில், நாய் முன்கூட்டியே சொல்லியிருக்கும். நமக்குத்தான் அந்த மொழி தெரியலை.

வாலையே எடுத்துக்கோங்க. உடம்பு முழுக்க நெளிய, இடுப்போடு சேர்த்து வால் தளர்வா ஆடினா அது சந்தோஷம். வால் மட்டும் கம்பி மாதிரி நிமிர்ந்து, வேகவேகமா, விறைப்பா ஆடினா அது வேற. நாய் உச்சகட்ட படபடப்பில் இருக்குன்னு அர்த்தம். அந்த வாலைப் பார்த்து, ‘ஸோ க்யூட்’னு கையை நீட்டினா, அப்புறம் நாயைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

இன்னும் சின்னச் சின்ன அறிகுறிகளும் உண்டு. தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடும். சாப்பாடு எதுவும் இல்லாமலேயே உதட்டை நக்கும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு கண்ணை மட்டும் உங்க பக்கம் உருட்டும். அப்போ கண்ணின் வெள்ளைப் பகுதி பிறை மாதிரி தெரியும். இதெல்லாம் ‘எனக்குப் பிடிக்கலை, தள்ளிப் போ’ங்கிற மெசேஜ். இதையும் மீறி நெருங்கினா உடம்பு அப்படியே உறைஞ்சு நிக்கும், பிடரி முடி சிலிர்க்கும், ‘உர்ர்’னு உறுமும். ரீல்ஸில் குழந்தை நாயைக் கட்டிப்பிடிச்சு முத்தம் கொடுக்கிற வீடியோவுக்கு ஹார்ட் போடுறோமே... அடுத்த தடவை சவுண்டை மியூட் பண்ணிட்டு நாயோட கண்ணை மட்டும் பாருங்க. பல வீடியோக்களில் அந்த வெள்ளைப் பிறை தெரியும்.

இன்னொண்ணு. உறுமுற நாயை அடிக்காதீங்க. அடி வாங்கின நாய் உறுமுறதைத்தான் நிறுத்தும், கோபத்தை நிறுத்தாது. எச்சரிக்கை இல்லாமல் நேரா கடிக்கிற நாய் அப்படித்தான் உருவாகுது.

வாங்குறதுக்கு முன்னாடி...

சினிமா ஹீரோ பக்கத்தில் நின்ன நாயைப் பார்த்துட்டு, ஒன் பெட்ரூம் ஃபிளாட்டுக்கு 50 கிலோ நாயைக் கொண்டுவர்றவங்க இருக்காங்க. நம்ம ஊர் சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடி வேட்டையாடப் பிறந்தவை. பால்கனியில் கட்டிப்போட்டா பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆயிடும். நாட்டு நாய்ப் பெருமை பேசுறவங்க, அதுக்கு ஓட இடம் இருக்கான்னு முதல்ல பாருங்க பாஸ்!

குட்டி விஷயத்திலும் அவசரம் கூடாது. பிறந்து 30 நாளிலேயே தாயிடமிருந்து பிரிச்சு விற்கிறாங்க. எவ்வளவு அழுத்திக் கடிச்சா வலிக்கும்னு ஒரு குட்டி கத்துக்கிறதே, தாயோடும் கூடப்பிறந்ததுங்களோடும் விளையாடும்போதுதான். எட்டு வாரமாவது ஆன குட்டியை வாங்குங்க. மூணு, மூணரை மாசம் வரைக்கும் அது பார்க்கிற மனுஷங்க, கேட்கிற சத்தங்கள் எல்லாம் ‘இது ஆபத்தில்லை’ன்னு மூளையில் பதியும். ஹெல்மெட் போட்ட டெலிவரி பையன், குடை பிடிச்ச பாட்டி, சைக்கிள் மணினு எல்லாத்தையும் அப்பவே பழக்கணும். தடுப்பூசி முடியாத குட்டியைத் தரையில் விட வேண்டாம், கையில் தூக்கிட்டுப் போனாலே போதும்.

சென்னையில் வீட்டு நாய்க்கு மாநகராட்சி லைசன்ஸும் மைக்ரோசிப்பும் கட்டாயம். லைசன்ஸ் இல்லைன்னா 5,000 ரூபாய் அபராதம். பொது இடத்தில் பெல்ட்டும் வாய்மூடியும் வேணும். வாய்மூடின்னதும், ‘ஐயோ பாவம்’னு உச் கொட்டாதீங்க. மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் இருக்கிற கூடை மாதிரியான வாய்மூடியை வீட்டிலேயே பிஸ்கட் வெச்சுப் பழக்கினா, நாய் அதை ஏத்துக்கும். அஜாக்கிரதையால் உங்க நாய் யாரையாவது கடிச்சா, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவுப்படி ஆறு மாசம் வரை சிறைத் தண்டனைக்கும் வாய்ப்பிருக்கு. நாயைவிட எடை குறைவான பசங்க கையில் பெல்ட்டைக் கொடுத்து வாக்கிங் அனுப்புறவங்க இதை ரெண்டு தடவை படிக்கலாம்.

ராத்திரி 11 மணி, தெருமுனை

செகண்ட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றீங்க. நாலு நாய் குரைச்சுக்கிட்டே வருது. ஓடணும்னுதான் தோணும். ஓடாதீங்க. ஓடுற எதையும் துரத்துறது நாயோட ரத்தத்திலேயே இருக்கு. அப்படியே நில்லுங்க. கையை உடம்போட ஒட்டி வெச்சுக்கோங்க. கண்ணுக்குக் கண் முறைக்காமல், பக்கவாட்டில் திரும்பி, முதுகைக் காட்டாமல் மெதுவா நகருங்க. தோளில் இருக்கிற பேகை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடிச்சுக்கோங்க. கடிக்க வந்தாலும் முதலில் அதுதான் மாட்டும். கீழே விழுந்துட்டா சுருண்டு படுத்து, ரெண்டு கையாலும் கழுத்தையும் காதையும் மூடிக்கணும்.

‘கல் எடுக்கிற மாதிரி குனிஞ்சா ஓடிடுமே’ன்னு கேட்பீங்க. நம்ம ஊர் தெருநாய்கள் நிறைய அடி பார்த்தவை என்பதால், பல நேரம் ஓடிடும்தான். ஆனா குட்டி போட்ட தாய் நாய் முன்னாடியும், ஓட வழியில்லாத நாய் முன்னாடியும் அதைச் செய்யாதீங்க. குனியும்போது உங்க முகம் அதோட வாய்க்கு நேரா வந்துடும்.

பைக்கில் போனா ஆக்ஸிலரேட்டரை முறுக்காதீங்க. துரத்தலில் கடிபடுறதைவிட, பதற்றத்தில் வண்டியோடு விழுறதுதான் பெரிய ஆபத்து. வேகத்தைக் குறைங்க. தேவைன்னா வண்டியை நிறுத்திடுங்க. ஓடுற பொருள் நின்னுட்டா, பல நாய்களுக்கு சுவாரஸ்யமே போயிடும்.

கடிச்சுட்டா?

முதல் வேலை, போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போடுறது இல்லை. குழாயடிக்குப் போங்க. ஓடுற தண்ணியில், சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. சும்மா நனைச்சா போதாது, கடிகாரம் பார்த்து 15 நிமிஷம். ரேபிஸ் வைரஸின் மேலுறையை சோப்பு கரைச்சுடும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய்த்தூள் எதையும் அப்பாதீங்க. இறுக்கிக் கட்டும் போடாதீங்க.

அடுத்தது ஆஸ்பத்திரி. தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவாங்கன்னு தாத்தா காலத்துக் கதையைக் கேட்டு இன்னமும் பயப்படுறவங்க இருக்காங்க. அந்தப் பழைய மருந்தை நிறுத்தி ரொம்ப வருஷமாச்சு. இப்போ கையில்தான் ஊசி. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். தோலில் போடுற முறையில் முதல் நாள், அப்புறம் 3, 7, 28-வது நாட்கள். ரத்தம் வந்த காயம்னா, காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடணும். தடுப்பூசி வேலை செய்ய ஆரம்பிக்கிற வரை காவல் அதுதான். மறக்காமல் டாக்டரிடம் கேளுங்க.

‘வீட்டு நாய்தானே’, ‘குட்டிதானே’, ‘லேசான பல் கீறல்தானே’ன்னு தள்ளிப் போடாதீங்க. கடிச்ச நாய் பத்து நாள் நல்லா இருக்கான்னு பார்க்கிறது சரிதான். ஆனா அதைப் பார்த்துட்டு ஊசி போட்டுக்கலாம்னு காத்திருக்கக் கூடாது. ரேபிஸ் அறிகுறி ஒரு தடவை தெரிஞ்சுட்டா, பிழைக்கிறது கிட்டத்தட்ட இல்லைன்னே சொல்லலாம்.

முதல் ரெண்டு ஊசிக்கு வீட்டில் எல்லோரும் கூட வருவாங்க. காயம் ஆறி, வலியும் போன பிறகு வர்ற அந்த 28-வது நாள் ஊசிதான் சுலபமா மறந்துபோகும். முதல் ஊசி போட்டு வெளியே வந்ததும், ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்னு போனில் மூணு ரிமைண்டரையும் செட் பண்ணிடுங்க.