மார்புப் புற்றுநோய் தீர்ந்தபின் இருதயத்தைப் பேணுதல்

இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்புப் புற்றுநோயேயாகும். இந்நோய் என்றதும் நம்பிக்கை இழந்த காலம் மாறிவிட்டது. மகரகமையிலோ பதுளைப் பெரியாஸ்பத்திரியிலோ சிகிச்சை பெற்று, ஹாலிஎலப் பகுதித் தோட்டங்களுக்கு நலத்துடன் மீளும் தாய்மார் இன்று உளர். அவர்தம் இருதயத்தையும் பேணவேண்டும் என்பதை எடுத்துரைப்பதே எமது நோக்கம்.

நோயை அழிக்கும் மருந்து இருதயத்தைத் தாக்குவது எவ்வாறு? டொக்ஸோருபிசின் என்னும் செந்நிற மருந்து, புற்றுநோய்க் கலங்களோடு இருதயத் தசையையும் நலிவிக்கக் கூடியது. ஏற்றிய மொத்த அளவு உயர உயர ஆபத்தும் உயரும். சிலரிடத்து அக்கேடு பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். டிராஸ்டுசுமாப் என்னும் மருந்தும் இருதய வலுவைக் குறைப்பதுண்டு. மருந்தை நிறுத்தினால் அக்குறை பெரும்பாலும் நீங்கும். இடது மார்பிற் பாய்ச்சும் கதிரோ இருதயத்துக்குக் குருதி கொணரும் நாடிகளைத் தீண்டக்கூடும்.

இவற்றை அறிய உதவுவது எக்கோ பரிசோதனை. ஒவ்வொரு துடிப்பிலும் இருதயத்தின் இடது கீழறை தன்பாலுள்ள குருதியில் நூற்றுக்கு எத்தனை பங்கை வெளித்தள்ளுகின்றது என்பதை அது காட்டும். அவ்வெண் 50க்குக் கீழ் இறங்குமாயின் வைத்தியர் விழிப்படைவர்.

இனித் தேகப்பயிற்சி. வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மலையேறிக் கொழுந்து பறிப்பதே பயிற்சியன்றோ எனச் சிலர் வினவலாம். முழுப்பேர் பெறுவதற்காகப் பாரம் சுமந்து விரையும் உழைப்பு வேறு. உடல்நிலைக்கேற்பச் சமதரையில் தொடங்கி நாளுக்குநாள் கூட்டும் நடை வேறு. முன்னையது இருதயத்தின் நிலையைக் கேட்பதில்லை.

நடந்தபின் நாடித்துடிப்பு எவ்வளவு விரைவில் தணிகின்றது என்பதும் ஓர் அறிகுறி. இருதயச் சோதனைக்கு வந்தோரை ஆராய்ந்து, 1999இல் அமெரிக்க வைத்தியர் சிலர் முடிவொன்றை வெளியிட்டனர். பயிற்சி முடிந்த முதல் நிமிடத்தில் துடிப்பு 12 அல்லது அதனிலும் குறைவாகவே தணிந்தோரிடம் மரண ஆபத்து மிகுந்திருந்தது என்பதே அது. வீட்டில் எண்ணுவது அச்சோதனைக்கு ஈடாகாது. எனினும், ஒரே பாதையில் நடந்து, நின்றவுடனும் ஒரு நிமிடம் கழித்தும் எண்ணிக் குறித்து வந்தால், மாறுதல் புலனாகும். அக்குறிப்பு வைத்தியருக்கும் பயன்படும்.

சமதரையிலும் மூச்சு முட்டுதல், தலையணையை உயர்த்தாது உறங்க இயலாமை, கால்வீக்கம் ஆகியவற்றை முதுமையென்றும் குளிரென்றும் லயங்களிற் புறக்கணித்தல் தகாது. அவை இருதயத்தின் முறையீடாக இருக்கலாம். அந்நிலையிற் பயிற்சியை நிறுத்தித் தாமதமின்றி வைத்தியரை நாடவேண்டும்.

கொழுந்து பறித்த கூலியில் எம்மைப் படிப்பித்த தாய்மார் பலர். அவர்தம் கிளினிக் அட்டையிலுள்ள மருந்தின் பெயரையும் அளவையும் வாசித்து விளக்குதலும், அதனைப் பேணி வைத்தலும், உரிய நாளில் உடன்செல்லுதலும் கற்றோராகிய எமது கடனாகும்.