எல்லோரும் பறவை பார்க்கலாம்!

உங்கள் பள்ளி இயற்கைக் கழகம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் பறவை பார்க்கப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பைனாகுலர், குறிப்பேடு, குடிநீர் எல்லாம் தயார். ஆனால், சக்கர நாற்காலியில் பள்ளிக்கு வரும் உங்கள் வகுப்புத் தோழியின் பெயர் பட்டியலில் இல்லை. "அவளால் கரை ஏற முடியாதே!" என்கிறார்கள். உண்மையில் அவளைத் தடுப்பது எது? அதை அளந்தே பார்த்துவிடலாம்.

சாய்தளம் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். தோழியும் நாற்காலியும் சேர்ந்து 60 கிலோகிராம் எடை எனக் கொள்வோம். 1 மீட்டர் உயரக் கரைக்கு 4 மீட்டர் நீளப் பாதையில் ஏற வேண்டுமானால், உராய்வு நீங்கலாக, 15 கிலோகிராம் எடையைத் தூக்கும் அளவுக்கு விசை தேவை. அதே கரைக்கு 12 மீட்டர் நீளப் பாதை இருந்தால் 5 கிலோகிராம் அளவே போதும். 1-க்கு 12 என்ற சரிவைக் கட்டடக் கலைஞர்கள் வற்புறுத்துவது இதனால்தான். தரை மணலாக இருந்தால் சக்கரம் புதையும். கெட்டித் தரையே ஏற்றது.

அடுத்தது கைப்பிடிச் சுவர். நாற்காலியில் அமர்ந்திருக்கும் பெரியவரின் கண்மட்டம் தரையிலிருந்து ஏறத்தாழ 110 முதல் 130 செ.மீ. வரை இருக்கும். சுவர் 120 செ.மீ. உயரம் என்றால் பலருக்கு நாரை தெரியாது, சுவர்தான் தெரியும்!

அமெரிக்காவில் டெக்ஸாஸைச் சேர்ந்த வர்ஜீனியா ரோஸ் 14 வயதில் குதிரையிலிருந்து விழுந்து, நடக்கும் ஆற்றலை இழந்தார். நாற்காலியிலேயே சென்று பறவைகளைக் கவனித்துவரும் அவர், 'பேர்டபிலிட்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார். பாதையின் சரிவு, தரை, இருக்கை, கழிப்பறை வசதி ஆகியவற்றைப் பார்வையாளர்களே குறித்துச் சேர்க்கும் வரைபடம் ஒன்றை அது ஆடபான் சங்கத்துடன் இணைந்து உருவாக்கியது.

கண் தெரியாதவர் என்ன செய்வார்? கேட்பார்! குயிலையும், செம்போத்தின் 'ஊப் ஊப்' ஒலியையும், செம்பு தட்டுவது போல் 'டுக் டுக்' என்னும் குக்குறுவானையும் காதாலேயே அறியலாம். நீங்களும் ஐந்து நிமிடம் கண்களை மூடி, புதிய குரல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கிப் பாருங்கள். பார்வையற்ற நண்பர் உங்களை முந்திவிடக்கூடும். காது கேளாத நண்பருக்குப் பறவை இருக்கும் திசையைக் கையால் காட்டி, பெயரைச் சிலேட்டில் எழுதுங்கள். கை நடுங்குபவருக்கு பைனாகுலரை முக்காலியில் பொருத்திக் கொடுங்கள்.

ஆகவே, புறப்படுவதற்கு முதல் வாரமே இருவர் ஓர் அளவுநாடாவுடன் ஏரிக்குச் செல்லுங்கள். கரையின் உயரம், பாதையின் நீளம், சுவரின் உயரம் மூன்றையும் குறித்துவாருங்கள். அந்தக் கணக்கைத் தோழியிடமே காட்டி, எந்த இடத்திலிருந்து பார்க்கலாம் என்று அவளையே கேளுங்கள். பிறகு பட்டியலை எழுதுங்கள்.