வழக்கா, சமரசமா?

பழுது பார்க்கக் கொடுத்த வண்டி முன்னினும் பெரிய பழுதோடு நம்மிடம் திரும்பி வருமாயின், நாம் என் செய்வோம்? "விடாதே, வழக்குத் தொடு" என்பர் ஒரு சாரார். "போனது போகட்டும்" என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டிற்கும் நடுவே நேரிய வழி ஒன்று உண்டு என்பதை, நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் அனுபவம் நமக்கு உணர்த்தியது.

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில், மலையின் மறுபுறத்தே உள்ள அடி அண்ணாமலையில் வாழும் குடும்பம் அது. ஒரு பழைய வேனே அவர்களது வாழ்வாதாரம். பள்ளி நாள்களில் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதும், பௌர்ணமி நாள்களில் சிற்றூர் மக்களை நகருக்கு அழைத்து வருவதும் குடும்பத் தலைவரின் தொழில். பள்ளி திறப்பதற்கு முன் நகரில் உள்ள ஒரு பட்டறையில் ரூ. 6,400 செலுத்தி ரேடியேட்டரையும் அதன் ரப்பர் குழாயையும் மாற்றினார். நான்காம் நாள் செங்கம் சாலையில் எஞ்சின் கொதித்து வண்டி நின்றது. குழாயின் கிளிப் சரியாக முறுக்கப்படவில்லை. நீர் முழுவதும் ஒழுகிவிட்டது. எஞ்சினைச் சரிசெய்ய ரூ. 38,000 ஆகும் என்றார் வேறொரு மெக்கானிக்.

பட்டறைக்காரரோ, "பழைய எஞ்சின், என்றைக்கிருந்தாலும் போகவேண்டியதுதான்" என்று கைவிரித்தார். உடனே வக்கீலைப் பார்க்கச் சொன்னார் மைத்துனர். பதினைந்து ஆண்டுப் பழக்கத்தை முறிக்க வேண்டாம் என்றார் தாயார். மனைவி மட்டும் அமைதியாக, "சூடு காட்டும் முள் ஏறிய பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள்?" என்று கேட்டார். வண்டியில் பிள்ளைகள் இருந்தமையால், பள்ளி வாயில் வரை இரண்டு கிலோமீட்டர் ஓட்டியதை அவர் ஒப்புக்கொண்டார். பழியின் ஒரு பங்கு தம்மிடமும் உண்டு என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று.

சட்டம் கூறுவது யாது?

பணம் பெற்றுச் செய்த வேலையில் குறை இருப்பின், அது சேவைக் குறைபாடு ஆகும். 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே முறையிடலாம். நாம் செலுத்திய தொகை 5 இலட்ச ரூபாய்க்கு உட்பட்டதாயின் மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் இன்றி நாமே வாதாடவும் இயலும். வணிகத்திற்காகச் சேவை பெறுவோர் நுகர்வோர் ஆகார்; சுயதொழிலால் பிழைப்பு நடத்த ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கே சட்டம் வெளிப்படையாக விலக்கு அளித்துள்ளது. 

ஆயினும் இரண்டைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். வழக்கை 3 மாதத்தில், ஆய்வு தேவைப்படின் 5 மாதத்தில் முடிக்கச் சட்டம் இலக்கு வகுத்திருப்பினும், நடைமுறையில் அது நீள்வது உண்டு. மேலும், குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். "இன்று தருகிறேன், நாளை தருகிறேன்" என்னும் வாய்ப்பேச்சில் அக்காலம் கரைந்துபோக விடலாகாது.

சான்றே முதற்படி

சமரசம் செய்ய விரும்புவோரும், வழக்காடப் போகிறவரைப் போலவே முதலில் சான்றுகளைத் திரட்டல் வேண்டும். இதுவே நாம் கற்ற பாடம். நம் அன்பர் பட்டறை ரசீதைப் பத்திரப்படுத்தினார். கழற்றிய குழாயையும் கிளிப்பையும் எறியாமல் வைத்தார். எஞ்சினைப் பிரிக்குமுன் படம் எடுத்தார். இரண்டாம் மெக்கானிக்கின் கருத்தை எழுத்தில் பெற்றார். பின்னர்த் தம் கோரிக்கையைக் கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியே பேசவும், அவன் செவிசாய்க்காவிடில் ஓரிருவரை உடன் அழைத்துச் செல்லவும் மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் கற்பிக்கிறார். அவ்வாறே பங்கின் பெரியவர் ஒருவரோடு அவர் மீண்டும் பட்டறைக்குச் சென்றார். முள் ஏறிய பின்னும் ஓட்டியதை மறைக்காமல் சொன்னார். பட்டறைக்காரர் நெடுநேரம் அந்தக் கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், வேலைக்கூலி ரூ. 12,000 வேண்டாம் என்றும், உதிரிப் பாகங்களுக்கான ரூ. 26,000இல் பாதியைத் தாமே ஏற்பதாகவும் இசைந்தார்.

இசைவு எழுத்தில் அமைந்தது. தொகை, நாள், செய்யவேண்டிய வேலை அனைத்தும் அதில் இடம்பெற்றன. எனினும், "முழுத் தீர்வு பெற்றேன்" என்னும் வரியில் அவர் உடனே கையெழுத்திடவில்லை. வண்டி ஒரு வாரம் ஓடிய பின்னரே இட்டார். அவ்வரியில் ஒப்பமிட்ட பிறகு மீண்டும் உரிமை கோருதல் அரிதன்றோ!

எல்லாப் பூசலும் இவ்வாறு முடியும் என்று நாம் கூறவில்லை. பட்டறைக்காரர் பொய்யுரைத்தாலோ, கடிதத்திற்கு மறுமொழியே தராவிடிலோ, பிரேக் போன்ற உயிர் காக்கும் பாகத்தில் அலட்சியம் செய்து அதை மூடி மறைத்தாலோ, முறையிடுவதே கடமை. நம் மௌனத்தின் விலையை அடுத்து வரும் குடும்பம் கொடுக்க நேரிடும். ஆணையத்தை அணுகிய பின்னும் சமரசக் கதவு அடைபடுவதில்லை. இரு தரப்பும் இசைந்தால் ஆணையமே சமரசப் பேச்சுக்கு அனுப்பி வைக்கும்.

வழக்காடுவது பாவமும் அன்று. விட்டுக்கொடுப்பது கோழைத்தனமும் அன்று. ஆனால் சினத்தால் தொடுக்கும் வழக்கும், அச்சத்தால் செய்யும் சமரசமும் இல்லத்திற்கு அமைதி தருவதில்லை. பள்ளிப் பிள்ளைகளுடன் அந்த வேன் இன்றும் ஓடுகிறது. பழுது நேர்ந்தால் அதே பட்டறைக்குத்தான் செல்கிறது. ஒரேயொரு மாற்றம்: வேலை முடிந்ததும் பட்டறைக்காரரே ஒவ்வொரு கிளிப்பையும் தம் கையால் முறுக்கிப் பார்த்த பின்னரே சாவியைத் தருகிறார்.