ஒடியாத அச்சு



கீழ்க்கட்டளையில் இருப்பவர்கள் பல்லாவரம் போய் மின்சார ரயில் ஏறியிருப்பீர்கள். கடற்கரை - தாம்பரம் பாதையில் 1931ஆம் ஆண்டிலிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. ஒரு பெட்டிக்கு 8 சக்கரங்கள். இரண்டிரண்டு சக்கரங்களை இணைக்கும் தடித்த இரும்புத் தண்டுதான் அச்சு. மாட்டு வண்டியில் இதை இருசு என்பார்கள். பெட்டியின் எடையும் பயணிகளின் எடையும் 4 அச்சுகளின் மேல்தான்!

அச்சு ஒடிந்தால் என்ன ஆகும்? 1842ஆம் ஆண்டு மே 8ஆம் தேதி, பிரான்ஸ் நாட்டில் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலில் என்ஜின் அச்சு ஒடிந்தது. பெட்டிகள் மோதித் தீப்பிடித்தன. 50 பேருக்கு மேல் இறந்தனர்.

நன்றாக ஓடிய அச்சு ஏன் ஒடிந்தது? ஒரு கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் மேலும் கீழுமாகப் பலமுறை வளைத்துப் பாருங்கள். கடைசியில் 'டக்'கென்று ஒடியும். இரும்பும் களைத்துப் போகும்! ரயில் அச்சு சுழலும்போது பாரத்தால் ஒரு பக்கம் இழுபடும், எதிர்ப்பக்கம் அமுங்கும். அரைச் சுற்றில் இது தலைகீழாகும். ஜெர்மனியின் ரயில்வே பொறியாளர் அகஸ்ட் வோலர், அச்சுகளைப் பலமுறை சுழற்றிச் சோதித்து இதை விளக்கினார்.

அப்படியானால் அச்சை எதில் செய்வது? இரும்பில் சிறிதளவு கார்பன், அதாவது கரி சேர்ந்தால் எஃகு. கார்பன் மிகக் குறைந்தால் ஆணி, கட்டுக்கம்பிபோல எளிதில் வளையும். மிக அதிகமானால் அரம்போலக் கடினமாகும். ஆனால் ஓங்கி அடித்தால் உடையும். நடுவில் இருப்பது நடுத்தர கார்பன் எஃகு. 100 கிலோவில் 300 முதல் 600 கிராம் வரைதான் கார்பன். உறுதியும் உண்டு, அதிர்ச்சியைத் தாங்கும் குணமும் உண்டு. காய்ச்சி, தோய்த்து, மறுபடி மிதமாகச் சூடாக்கினால் இன்னும் வலுவாகும். அதனால் ரயில் அச்சு, பல்சக்கரம், மோட்டார் சைக்கிள் என்ஜினின் கிராங்க் தண்டு, பெரிய போல்ட்டுகள் ஆகியவற்றை இதில் செய்கிறார்கள்.

பெங்களூரு எலகங்காவில் 1984இல் தொடங்கப்பட்ட ரயில்வே தொழிற்சாலையில் அச்சுகளைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து உருவாக்குகிறார்கள். நல்ல எஃகு என்பதற்காக அப்படியே விட்டுவிடுவதில்லை. பணிமனைகளில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை, காதுக்குக் கேட்காத மீயொலியை அச்சுக்குள் செலுத்துகிறார்கள். விரிசல் இருந்தால் ஒலி எதிரொலித்துக் காட்டிக் கொடுத்துவிடும்.

இப்போது ஒரு கணக்கு. கடற்கரையிலிருந்து தாம்பரம் சுமார் 29 கிலோமீட்டர். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 3 மீட்டர். ஒருமுறை போய்வர அச்சு எத்தனை தடவை சுழலும்? போட்டுப் பாருங்கள். அத்தனை தடவையும் அது களைக்காமல் இருப்பதற்கு அந்தத் துளி கரியும் ஒரு காரணம்!